சின்னவளுக்கு இல்லை

மார்ச் 4

வாண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் ஒரு குறையுமில்லை; குறை எனக்கு மட்டும்தான், அதுவும் பழைய குறை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கேக் வாசனையிலேயே வயிறு நிறைந்துபோகிறதா?

உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தால், வார்டன் பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கிறது. இந்த விஷயத்தை அவள் காதில் போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மாமாவும் நானும் டாக்டரம்மாவிடம் போனோம். நாலு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்து சுத்தம் பண்ணினார்களே, எல்லாம் திரும்ப வந்துவிட்டது. உன் மாமா ஊரில் உள்ள எல்லா ஃபிரிட்ஜின் வியாதியையும் தூக்கத்தில்கூடச் சொல்வார், எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் மட்டும் அவர் வாயில் இன்னும் நுழையவில்லை. “அந்த எண்டோ கழுதை மறுபடி வந்துடுச்சா டாக்டர்?” என்று கேட்டார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பிறகு படம் வரைந்து காட்டினார். கருப்பைக்குள்ளே வளர வேண்டிய சதை எனக்கு வெளியிலும் வளர்கிறது. மாதாமாதம் அதுவும் கசிகிறது. கசிந்தது போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, சினைப்பையையும் குடலையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டது.

கருப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வலி பெரும்பாலும் அடங்குமாம். முழு உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். அதோடு குழந்தைப் பேச்சும் முடிந்தது. குழந்தை வேண்டுமென்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். ஆனால் என் கருமுட்டைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன, வேறொருத்தியின் முட்டை வேண்டும். வலிக்குப் போட்ட ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாத கதை உனக்குத் தெரியும். ஆக, அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

“உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். “ஒரு தங்கச்சி இருக்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே.

உன் அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

வாண்டு எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ, மாமா, அம்மா மூன்று பேரும் எப்படி?

அவ்வளவுதான் சொன்னாயா? பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஒரு பென்சில் கேட்பதென்றால்கூட, “உன்கிட்ட ரெண்டு இருக்கு போல” என்றுதான் ஆரம்பிப்பாய். நீ கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். தருகிறேன். என்னிடம் சும்மா கிடக்கிற பொருள்தானே! ஒரே கொடியில் காய்த்த காய்களுக்குள் உன்னது என்னது என்று என்ன இருக்கிறது? ஒரு நிபந்தனை மட்டும். பிறக்கிற பிள்ளைக்கு என் மூக்கு வந்துவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். அப்போது ஒரு முதல் பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்துக்குக் கொம்பு முளைத்துவிட்டது. முதலாளி கத்தினார். நான் சிரித்துக்கொண்டே கிரீமைச் சுரண்டினேன்.

டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். முட்டை கொடுப்பவள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டுமா? சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

மாமாவிடம் சொல், கழுதையை விரட்ட ஆள் வந்துவிட்டது என்று.

வாண்டு

*

மார்ச் 25

என் கண்ணு வாண்டுக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகைக்குப் பின்னால் நின்று படித்தேன். கண் சோதிக்க வந்தவர், “முதல் வரியே தெரியல மேடம்” என்று மூன்று தடவை கூப்பிட்டார். எனக்கும்தான் எந்த வரியும் தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். வேறு எந்த மாத்திரையானாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஹார்மோன் மாத்திரை என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டுமாம். பிறகு ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை. அதை நீ அங்கேயே எடுத்து அனுப்பலாம். நீ எதற்கு இதைக் கேட்கிறாய் என்று யோசித்தேன், உன் அறைத்தோழியோடு சேர்ந்து சாப்பிடுகிற சத்து மாத்திரையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடமும் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “நல்லவேளை, சின்னவளுக்கு இந்தச் சனியன் இல்லை” என்றாள். நாலு வருஷமாக இதே வார்த்தைதான், உனக்குத்தான் தெரியுமே. இப்போது அதற்கு ஒரு பயன் வந்துவிட்டது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் பல் தேய்க்கும்போது, கண்ணாடிக்கு வில்லை அறுக்கும்போது, திடீரென்று ஒன்று குத்துகிறது. கல்யாணமே ஆகாத பெண்ணிடம் போய் இதைக் கேட்டேனே, என்ன அக்கா நான்? நாளைக்கு உனக்கு ஒரு மாப்பிள்ளை வந்து என் முகத்தில் விழித்தால் நான் என்ன சொல்வேன்? நன்றாக யோசி. யோசித்தும் சரி என்று சொல். பார்த்தாயா, யோசி என்று எழுதிவிட்டு உடனே இதையும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி அது எனக்கும் சேர்த்து.

அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று எழுத முடியாது, கொஞ்சம் குறைவாக வலிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கல்யாணக் கேக்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. நேற்று ஒரு நாலு அடுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினோம். மாப்பிள்ளை பெயருக்குப் பதிலாக மாப்பிள்ளைத் தோழன் பெயரை எழுதியிருந்தேன். மணப்பெண் பார்த்துவிட்டு, “இவரும் பரவாயில்ல” என்றாள். நல்ல பெண், பிழைத்துக்கொள்வாள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்கேன் ஜூனில் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், சோம்பேறித்தனம்தான். கடையிலும் முதலாளி என்னை உட்கார்ந்தே எழுதச் சொல்லிவிட்டார். மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை, அது இது என்று எழுதாதே. வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

வாண்டு

*

ஜூன் 10

வாண்டுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் கடையில் ஒரு லாரி ஓட்டுநருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வலி வந்து அப்படியே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்துவிட்டேன். பாவம், அந்த மனிதர் புதுக் கண்ணாடியோடு முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். “என்னம்மா இப்படி வெளுத்துப்போய் இருக்க?” என்றார். கண்ணாடி நன்றாகத் தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா ஆபரேஷனை முடித்துவிடலாம் என்கிறார். நான்தான், “இருங்க, அவ டெஸ்ட் வரட்டும்” என்று நிறுத்திவைத்திருக்கிறேன். உன்னை அவசரப்படுத்தவில்லை. ஜூன் வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மா உன் அறைக்குத் திரைச்சீலை தைக்கிறாள். ஜன்னல் அளவு எழுது.

அக்கா

*

ஜூன் 28

அக்காவுக்கு,

நலம். ஜன்னலுக்கு அளவு எடுக்க மறந்துவிட்டேன். என் உயரத்துக்குத் தைக்கச் சொல், போதும்.

ஸ்கேன் எடுத்தேன் என்று எழுதி அடித்திருக்கிறேன் பார், அதைப் படிக்காதே. எடுக்கப் போகிறேன். அங்கே ஒரே கூட்டம். வேறொரு டாக்டரைப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அடுத்த மாதம் நிச்சயம்.

நீ கீழே விழுந்ததைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என்னால்தான் நீ காத்திருக்கிறாய் என்று தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா.

வாண்டு

*

ஆகஸ்ட் 9

ஜூலை முழுக்கத் தபால்காரர் முகத்தைப் பார்த்தேன். அவரே இப்போது எங்கள் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறாய். ஒவ்வொரு அடுத்த மாதமும் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியுமா? குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வேன், அங்கேதான் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். மாமா கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்.

மனம் மாறிவிட்டதென்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம். ‘வேற டாக்டர்’, ‘ஒரே கூட்டம்’ என்று என்னிடமே கதை விடுகிறாய். உனக்கு வலி என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் ஒருத்தியைக் காக்கவைத்து விளையாட மாட்டாய். நீ கொடுத்துவைத்தவள். கொடுத்துவைத்தவர்களுக்குக் கொடுக்க மனம் வராது.

இங்கே கிடந்த உன் சைக்கிளை எதிர்வீட்டு வக்கீல் மகளுக்குக் கொடுத்துவிட்டோம். நான்தான் கொடுக்கச் சொன்னேன். உன் ஞாபகமாக எதற்கு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு?

அக்கா

*

ஆகஸ்ட் 21

மதிப்புக்குரிய அக்காவுக்கு வணக்கம்.

நான் உங்கள் தங்கையோடு ஒரே அறையில் இருப்பவள். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். உங்களுக்குப் போன் செய்யக் கூடாது என்று உங்கள் தங்கை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள்.

பதறாமல் படியுங்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை. போன வாரம் கேக் கடையிலேயே விழுந்துவிட்டாள். உள்ளே கட்டி வெடித்திருந்தது. அவசரமாக ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்துச் சினைப்பையை எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு இருக்கிற அதே நோய்தான் அக்கா. மூன்று வருஷமாக மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. மார்ச் கடைசியில் உங்கள் கடிதம் வந்த அன்று மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாள். “ஏண்டி?” என்று கேட்டேன். “ஒரு நல்ல காரியத்துக்கு” என்றாள். ஜூனில் ஸ்கேன் பார்த்தவர்கள், கட்டி இருக்கிறது, நீ யாருக்கும் முட்டை கொடுக்க முடியாது, மாத்திரையைத் திரும்ப ஆரம்பி என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்கவில்லை. “வேற டாக்டர் வேற மாதிரி சொல்வாங்க” என்று ஒவ்வொரு இடமாக அலைந்தாள். வலி வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வாள். நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பிரிக்காமல் அவள் துணிப்பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினேன்.

சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
அறைத்தோழி

*

செப்டம்பர் 3

என் வாண்டுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவை உன்னோடு விட்டுவிட்டு வந்தது ஒன்றுதான் நிம்மதி. தையல் ஆறுகிறதா? இருமும்போது வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்.

அத்தனை நாள் உன் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பால் ஆறிவிட்டது என்று பேசினோம். ஜன்னலைச் சாத்தவா என்று பேசினோம். அந்த நர்ஸுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்றுகூடப் பேசினோம். வேறு ஒன்றும் பேசவில்லை. உன் முகத்தைப் பார்த்து வராதது பேனாவிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? நான் அந்த மார்ச் மாதக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் உன் மாத்திரை உன்னிடம் இருந்திருக்கும். உன் வயிற்றில் இருக்க வேண்டியது இருந்திருக்கும். கேட்காமல் கேட்டேனே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நேராகக் கேட்டிருந்தாலாவது உனக்கு மறுக்க ஒரு இடம் இருந்திருக்கும்.

அம்மா ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என்ன சொன்னாள் தெரியுமா? “நான்தான் வாய் ஓயாம சொல்லிட்டிருந்தேனே, சின்னவளுக்கு இல்ல, சின்னவளுக்கு இல்லன்னு. அப்புறம் அவ எப்படிடி சொல்வா?” அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ தூங்கும்போது உன் துணிப்பையைத் திறந்து பார்த்தேன். தேடினது கிடைக்கவில்லை. என்ன தேடினேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா

*

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

தேறி வருகிறேன். அம்மா என்னைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள். வார்டன்கூட அம்மாவுக்குப் பயப்படுகிறாள். நீயும் மாமாவும் சுகமா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். உனக்கு முதல் ஆபரேஷன் ஆகி நீ நாராகக் கிடந்தபோது எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். அப்போது அம்மா என் தலையைத் தடவி, “இவளுக்காவது இல்லையே” என்றாள். நீயும் கண்ணைத் திறந்து, “ஆமா” என்றாய். அந்த வீட்டில் அன்று இருந்த ஒரே நல்ல செய்தி நான்தான். ஒரு வருஷம் கழித்து எனக்கும் அதுதான் என்று தெரிந்தபோது, அதையும் எப்படிப் பிடுங்குவது என்று இருந்தது. அப்புறம், உண்மையைச் சொன்னால், நோய் இல்லாதவள் என்ற பெயர் எனக்கும் பிடித்துப்போயிருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் நீ என்னிடம் கேட்டாய். நான் அந்தப் பெயருக்குத்தான் சரி என்றேன்.

ஜூனுக்கு அப்புறம் உன் செப்டம்பர் கடிதம்தான் எனக்கு வந்தது. நடுவில் ஒன்று எழுதியிருந்தாயானால் அது தபாலில் தொலைந்திருக்கும். தொலைந்தது தொலைந்ததுதான், திரும்ப எழுத வேண்டாம்.

இன்னொரு பக்கம் நன்றாகத்தான் இருக்கிறதாம். மாத்திரையை உடனே தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை உன் டாக்டரம்மாவிடம் என்னைக் காட்டேன். இங்கே இருப்பவர்கள் ரொம்பப் பயந்தவர்கள். நான் இன்னும் தயார்தான். நீ அத்தனை மாதம் காத்திருந்தது வீணாகக் கூடாது.

வக்கீல் வீட்டுப் பெண்ணிடம் சைக்கிளைப் பார்த்து ஓட்டச் சொல். பின் பிரேக் பிடிக்காது.

வாண்டு

*

அக்டோபர் 6

வாண்டுக்கு,

உனக்குப் பசி எடுக்கிறது என்று அம்மா எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் இங்கே நாங்களும் சாப்பிட்டோம்.

சைக்கிள் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் நானும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அதை நான் எழுதியது ஒரே ஒரு கடிதத்தில். அது தபாலில் தொலையவில்லை வாண்டு. அது தொலைந்ததாக நீ சொன்னால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்திருக்கிறாய். நீ வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிடந்தபோது உன் கைக்கு வந்த வார்த்தைகள் அவை. எழுதியவள் நான். அதை உன் தலையிலோ தபால்காரர் தலையிலோ போட்டுவிட்டு நான் தூங்கக் கூடாது.

உன் முட்டை எனக்கு வேண்டாம். இது தியாகமும் இல்லை, கோபமும் இல்லை. அது உனக்கு வேண்டியிருக்கலாம். வேண்டாமலே போனாலும் அது உன்னுடையது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மாத்திரையைப் போடு. அம்மா எதிரில் போடு.

முகம் தெரியாத யாருடைய முட்டையாவது வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். முடியும்தான். ஆனால் அதற்கும் இன்னும் ஒரு வருஷம் இந்த வலியோடு இருக்க வேண்டும். என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மாமா முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “எனக்குக் குழந்தை வேணாம்னு சொன்னா அது பொய். ஆசை இருக்கு. ஆனா நீ தரையில சுருண்டு கிடக்கறப்ப அந்த ஆசை எட்டிப் பார்க்கும் பாரு, அப்ப எனக்கே என்னைக் கண்டா பிடிக்கல” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்காமல் போகிறேன் என்பது ஆபரேஷனில் போகாது, தெரியும். அது இருக்கட்டும். வலி போனால் அதைச் சுமக்கத் தெம்பு வரும்.

நவம்பர் இரண்டாம் வாரம் ஆபரேஷன். நீ வர வேண்டியதில்லை, உன் உடம்பு இன்னும் பச்சை உடம்பு. வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இல்லை, சுற்றிவளைக்கிறேன். வா. நீ வர வேண்டும் என்று கேட்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 2

அக்காவுக்கு,

அம்மா எதிரில் மாத்திரை போட்டேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள், காட்டினேன்.

ஆமாம், படித்தேன். புதுத் தையலோடு படித்தேன். ‘கொடுத்துவைத்தவள்’ என்ற இடத்தில் சிரிப்பு வந்தது, சிரித்ததில் தையல் இழுத்தது. அப்புறம் அழுதேன், அதற்கும் இழுத்தது. கடிதத்தைக் கிழித்து நர்ஸின் குப்பைக் கூடையில் போட்டேன். நீ பையைத் திறந்தபோது நான் தூங்கவில்லை.

அந்த வார்த்தைகள் இன்னும் இருக்கின்றன. இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நாள் போகட்டும்.

இதைவிடக் கனமாக ஒன்று இருக்கிறது. ‘உன் முட்டை எனக்கு வேண்டாம்’ என்று நீ எழுதியதைப் படித்தவுடன் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உனக்கு இனிக் குழந்தை இல்லை என்று முடிவாகிற கடிதம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அப்பாடா, பிழைத்தோம்’ என்று மூச்சு விட்டேன் அக்கா. மூன்று வாரம் என்னை நானே பார்க்கக் கூசிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் பதில் தாமதம். உன்னிடம் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொல்லாமல் விட்டது எங்கே கொண்டுபோய்விட்டது என்று இரண்டு பேருமே பார்த்துவிட்டோம். நீ என்னைத் திட்டினாலும் திட்டு.

அம்மாவும் நானும் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் பக்கத்தில் இருப்பேன், திரும்பி வரும்போதும் இருப்பேன். மாமாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல். அம்மா தூக்குகிறேன் என்கிறாள், அவளால் ஆகாது. என்னாலும் பெட்டியைத் தூக்க முடியாது. வலிக்கிறது.

உன் தங்கை